லாரிக்கு இடப்பக்கம் போகாதீர்கள்

லண்டனில் புதிதாகச் சைக்கிள் ஓட்ட ஆரம்பிப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பின்னாலிருந்து கார் வேகமாக வந்து அடித்துவிட்டால் என்ன செய்வது?" அந்தப் பயத்திலேயே நடைபாதையை ஒட்டி ஒட்டி ஓட்டுகிறார்கள். நான் இங்கே ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மிக மோசமான காயங்களோடு நான் பார்த்த சைக்கிளோட்டிகள் பலர் வேகத்தில் அடிபட்டவர்களே இல்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பி, இடப்பக்கம் மெதுவாகத் திரும்பிய லாரிக்கு அடியில் போனவர்கள்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இங்கும் நம் ஊர் போல வாகனங்கள் இடப்பக்கம்தான் போகும். நீளமான லாரி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், ஓட்டுநர் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்குவார். அப்போதுதான் வளைக்க இடம் கிடைக்கும். பின்னால் வரும் நமக்கோ, லாரி நேராகப் போகப்போகிறது, நமக்கு ஓரத்தில் வழி விட்டிருக்கிறார் என்று தோன்றும். உள்ளே நுழைந்துவிடுவோம். லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்வாங்கி, நடைபாதை விளிம்பை உரசுவது போல வரும். சற்று முன்பு தாராளமாகத் தெரிந்த சந்து சில விநாடிகளில் மூடிவிடும். ஓரத்தில் கம்பித் தடுப்பு இருந்தால் ஏறித் தப்பவும் முடியாது. ஓட்டுநருக்கு நாம் அங்கே இருப்பதே தெரிந்திருக்காது. மண்ணும் கல்லும் ஏற்றும் கட்டுமான லாரிகளில் அவர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பார். இடக் கதவை ஒட்டி நிற்பவரும், முன் கண்ணாடிக்கு நேர் கீழே நிற்பவரும் அவர் கண்ணில் படாமல் போய்விடலாம்.

இப்படிச் சக்கரம் ஏறியவர்கள் வரும்போது, முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும். முகத்தில் ஒரு கீறல் இருக்காது. தெளிவாகப் பேசுவார்கள், "வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். அதற்குள் இடுப்பெலும்பு உடைந்து உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். தொடையில் கை வைத்தால் தோல் தனியாக நகரும். டயர் உருண்டபோது தோல் தசையிலிருந்து உரிந்து பிரிந்திருக்கும். இடுப்பைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவோம், ரத்தம் ஏற்றுவோம், அறுவை அரங்குக்கு ஓடுவோம். பிழைத்தாலும் பல அறுவைகள், மாதக்கணக்கில் படுக்கை. சிலருக்குக் கால் போய்விடுகிறது. தலையில் ஹெல்மெட் மட்டும் அப்படியே இருக்கும். ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே விழுந்து தலை அடிபட்டால் அது நிச்சயம் உதவும், போடுங்கள். இடுப்பில் ஏறும் லாரிக்கு முன்னால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

2009-இல் லண்டனில் இறந்த 13 சைக்கிளோட்டிகளில் 10 பேர் பெண்கள். அந்தப் பெண்களில் 8 பேர் லாரிகளால் இறந்தார்கள். விதியை மதித்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகப் போகிறவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் 6 சைக்கிளோட்டிகள் இறந்தபோது நகரமே கொந்தளித்தது. அப்புறம்தான் மெல்ல மெல்ல விதிகள் வந்தன. 2021 மார்ச்சிலிருந்து, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி லண்டனுக்குள் வர வேண்டுமென்றால், ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்து அனுமதி வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் லாரியில் பொருத்திய கேமராவையும் சென்சாரையும் நம்பி அந்தச் சந்துக்குள் நுழையாதீர்கள்.

சிக்னலில் லாரி நிற்கிறதா, அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள். இண்டிகேட்டர் போடவில்லையே என்று பார்க்காதீர்கள். சாலையில் வெள்ளைக் கோடு போட்ட சைக்கிள் பாதை லாரியின் ஓரமாக, சிக்னலில் மற்ற வாகனங்களுக்கு முன்னால் சைக்கிள்கள் நிற்பதற்கென்று வரைந்த கட்டத்துக்கு அழைத்துப் போகும். அந்தக் கோடு உங்களைக் காப்பாற்றாது. 2022-இல் திருத்திய பிரிட்டிஷ் சாலை விதிக் கையேடு, நேராகப் போகும் சைக்கிளுக்குத் திரும்பும் வாகனம் வழிவிட வேண்டும் என்கிறது. சந்திப்பை நெருங்கும்போது உங்கள் தடத்தின் நடுவிலேயே ஓட்டச் சொல்வதும் அதே கையேடுதான். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நடுவில் இருந்தால்தான் நீங்கள் கண்ணில் படுவீர்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களையும் சொல்ல வேண்டும். கதவு திடீரென்று திறந்து, அதில் மோதிக் கழுத்தெலும்பு உடைந்து வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். காரில் போகும்போது கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். டாக்சியில் போகும்போது பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சைக்கிள் ஓட்டுங்கள் என்றும் சொல்கிறேன். நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போவது உடம்புக்கு அவ்வளவு நல்லது. லண்டனில் பெரும்பாலான கவுன்சில்கள் பெரியவர்களுக்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சைக்கிள் பயிற்சி தருகின்றன. ஓட்டத் தெரியும் என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நீங்கள் தினமும் போகும் வழியிலேயே கூட ஓட்டிவர முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். எந்தச் சிக்னலில் எங்கே நிற்பது என்பதை அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.