18 சதவீதம் ஈரம், ஆனால் எப்போதைய ஈரம்?

போன வைகாசியில் ஒரு ராத்திரி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவின் மல்லிகைத் தோட்டம். சாயங்காலம் நல்ல கோடை மழை பெய்து நின்றிருந்தது. நடுச்சாமம் தாண்டி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது, கரண்ட் போகும்வரை ஓடியது. இருட்டு விலகுவதற்கு முன்னால் மொட்டுப் பறிக்க வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். "அண்ணே, செடி மூட்டுல தண்ணி கட்டிக் கெடக்கு" என்று சித்தப்பாவுக்குப் போன் வந்தது. மல்லிக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். நான்கு வரிசைச் செடிகள் அந்த வாரமே வாடத் தொடங்கின.

மோட்டாரைத் தானாக ஓடவைத்தது சித்தப்பா மகன், என் தம்பி, அமைத்த ஏற்பாடு. மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சர்கள், மோட்டார் ரூமில் ஒரு சின்னக் கணினி, ஸ்டார்ட்டரோடு இணைத்த ஒரு கன்ட்ரோலர். ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் போடு, 35-ஐத் தாண்டினால் நிறுத்து. விதி அவ்வளவுதான். காலையில் தம்பி போனைத் திறந்து காட்டினான்: "ஈரம் 18 சதவீதம்." கணுக்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டு அந்த எண்ணைப் பார்த்தோம். எண் பொய் இல்லை. மண்ணில் உண்மையிலேயே எடுத்த எண்தான். ஆனால் அது முந்தின நாள் மத்தியானத்து எண்.

அந்த ஒரு ராத்திரிக்குள் ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையின் முக்கால்வாசிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. கணினி என்பது மேசை மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியாக இல்லாமல், சுவரிலும் சட்டைப்பையிலும் வயலிலும் கலந்து, கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும் என்று சொன்னவர் மார்க் வைசர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர். 1980-களின் கடைசியில் அவர் வைத்த பெயரைத் தமிழில் 'எங்கும் நிறைந்த கணிமை' எனலாம். 1991-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில், ஊழியர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். 15 வினாடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாளத்தைச் சொல்லும், அறைகளில் பொருத்திய சென்சர்கள் கேட்டுக்கொள்ளும். ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தால், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று வரவேற்பாளர் திரையில் பார்த்து, பக்கத்தில் இருக்கும் போனுக்கே திருப்பிவிடலாம். ஆள் இருக்கும் இடத்தை அறிந்து சேவை தன்னை மாற்றிக்கொண்டது. 1994-இல் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். அதை 'சூழல் அறிந்து நடத்தல்' என்று சொல்லலாம்.

சரி, சூழல் என்றால் எது? ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் அனிந்த் டேயும் கிரெகரி அபவுடும் 1999-இல் கொடுத்த விளக்கம் இன்றுவரை நிற்கிறது. ஒரு ஆளோ, இடமோ, பொருளோ இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்ல உதவும் எந்தத் தகவலும் சூழல்தான், அந்த ஆளோ இடமோ பொருளோ நடக்கிற வேலைக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்கும்வரை. தோட்டத்தில் அது மண்ணின் ஈரம், கிணற்றில் தண்ணீர் மட்டம், கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது, மழை. கல்யாண மண்டபத்தில் என்றால் வேறு.

இதில் எல்லோரும் வழுக்கும் ஒரு இடம் உண்டு. சென்சர் சொல்வது ஒன்று, நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இன்னொன்று. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கவுன்டரில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். அந்த நேரத்தில் போனைக் கேட்டால், "இவர் கிழக்குக் கோபுர வாசலில் ஒன்றரை மணி நேரமாக அசையாமல் நிற்கிறார்" என்று சொல்லும். நாமோ பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிக்கொண்டிருப்போம். போன் இருக்கும் இடம் ஆள் இருக்கும் இடம் என்பது நாம் சேர்த்துக்கொண்ட அனுமானம், எந்தச் சென்சரும் அளந்தது இல்லை. கேம்பிரிட்ஜ் பேட்ஜிலும் இதே சிக்கல்தான்: சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால், நாற்காலிதான் ஊழியர்.

எங்கள் தோட்டத்துச் சென்சரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மின்புலத்தில் தன்னைச் சுற்றியுள்ள பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்குகிறது என்று மட்டும் பார்க்கிறது. மின்காப்பு மாறிலி என்று ஒரு அளவு உண்டு. தண்ணீருக்கு அது 80 வாக்கில் இருக்கும், காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. இந்தப் பெரிய வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஈரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் சித்தப்பா தோட்டத்தில் மேற்குப் பக்கம் செவல், கிழக்குப் பக்கம் கரிசல். கரிசல் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதில் 25 சதவீதம் ஈரம் இருந்தும் செடி உறிஞ்ச முடியாமல் வாடலாம்; செவலில் அதே 25 போதுமானதாக இருக்கும். ஆக, சென்சர் தரும் எண்ணுக்கும் 'செடிக்குத் தாகம்' என்ற முடிவுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அனிந்த் டே அமைத்த மென்பொருள் கட்டமைப்பில் இந்த வேலைக்கென்றே தனி உறுப்பு இருந்தது. சென்சரைப் படிப்பது ஒன்று, பொருள் சொல்வது ஒன்று, பல தகவலை ஒரே இடத்தில் சேர்ப்பது ஒன்று. மோட்டாரை இயக்கும் நிரலுக்கு மண் எந்த நிறம் என்று தெரியத் தேவையில்லை. தாகம் உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதும். அப்படிப் பிரித்து வைத்தால் சென்சரை மாற்றும்போது மோட்டார் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை.

அப்புறம் போக்குவரத்து. சென்சர்கள் பேட்டரியில் ஓடுகின்றன. கால் மணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, லோரா என்ற நெடுந்தூர வானொலியில் இரண்டு மூன்று எண்களை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. மோட்டார் ரூமில் ஒரு கேட்வே பெட்டி அதைக் கேட்டு, எம்க்யூடிடி என்ற முறையில் கணினிக்குத் தருகிறது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கிய முறை இது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விவசாயி பூவைக் கமிஷன் கடையில் போடுகிறார். வாங்குகிறவர் கடையில் வாங்குகிறார். இருவரும் முகம் பார்ப்பதில்லை, நடுவில் கடைக்காரர் இருக்கிறார். எம்க்யூடிடியிலும் நடுவில் ஒரு தரகர் நிரல் இருக்கிறது. சென்சர் தகவலை அங்கே போடும். யாருக்கு எந்தத் தகவல் வேண்டுமோ அவர்கள் முன்பே சொல்லி வைத்திருப்பார்கள், வந்ததும் தரகர் கொடுத்துவிடும்.

இந்தத் தரகரிடம் ஒரு வசதி உண்டு. கடைசியாக வந்த தகவலைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, புதிதாக வந்து கேட்கிறவருக்கு உடனே நீட்டும். அடுத்த கால் மணி வரை காத்திருக்கத் தேவையில்லை. நல்ல வசதிதான். எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

நடந்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தோம். மத்தியானம் சென்சர் 18 என்று அனுப்பியது. சாயங்கால மழையில் அதன் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, சென்சர் செத்துப்போனது. அதன்பிறகு ஒரு தகவலும் வரவில்லை. கணினிக்குத் தனி பேட்டரி இருந்ததால் தரகர் விழித்தே இருந்தது, கையில் அந்த 18-ஐ வைத்துக்கொண்டு. ஸ்டார்ட்டர் கன்ட்ரோலருக்கு மின்சாரம் மோட்டார் லைனிலிருந்தே. ராத்திரி கரண்ட் வந்ததும் அது விழித்து, "மண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. தரகர் 18 என்றது. மோட்டார் ஓடியது. 35-ஐத் தாண்டியதும் நிற்க வேண்டும், ஆனால் 35 என்று சொல்லச் சென்சர் உயிரோடு இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு பகுதியும் தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது.

பூ மார்க்கெட்டில் இப்படி நடக்காது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியே ஆனாலும், நேற்றுப் பறித்ததை இன்றைக்குப் பறித்தது என்று யாரும் ஏமாந்து வாங்க மாட்டார்கள். மொட்டு மலர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பூவின் வயது பூவிலேயே எழுதியிருக்கிறது. எண்ணில் அது இல்லை. 18 என்றைக்கும் 18 மாதிரிதான் இருக்கும். நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

முதல் வேலையாக ஒவ்வொரு அளவோடும் எடுத்த நேரத்தைச் சேர்த்தோம். 2019-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட எம்க்யூடிடியின் ஐந்தாம் பதிப்பில் தகவலுக்கே ஆயுள் குறிக்கலாம். ஆயுள் முடிந்ததை தரகர் யாருக்கும் கொடுக்காது. கால் மணிக்கு ஒருமுறை பேச வேண்டிய சென்சர், மூன்று முறை பேசாவிட்டால் சந்தேகப்படு என்று வைத்தோம். ஆயுள் எல்லாவற்றுக்கும் ஒன்று இல்லை. வேர் மட்டத்து ஈரம் மழை இல்லாத நாளில் முக்கால் மணிக்குள் பெரிதாக மாறாது. கரண்ட் இருக்கிறதா என்ற தகவலோ ஒரு நிமிடத்தில் பழசு.

எம்க்யூடிடியில் உயில் என்றே ஒரு ஏற்பாடும் இருக்கிறது. இணைப்பைத் தொடங்கும்போதே, "நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இதை எல்லோருக்கும் அறிவித்துவிடு" என்று ஒரு செய்தியைத் தரகரிடம் எழுதிக்கொடுத்து வைக்கலாம். அருமையான யோசனை. ஆனால் எங்கள் லோரா சென்சர் தரகரோடு நேராகப் பேசுவதில்லை, கேட்வே மூலம்தான். கேட்வே செத்தால் உயில் வாசிக்கப்படும். சென்சர் செத்தால் மௌனம் மட்டும்தான் தடயம், அதை எண்ணித்தான் பிடிக்க வேண்டும்.

1990-களின் கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த ஜினி என்ற அமைப்பு இதற்கு இன்னொரு வழி காட்டியது. ஒரு கருவி வலையமைப்பில் தன்னைப் பதிவுசெய்வது கிரயம் இல்லை, குத்தகை. காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும், யாரும் போய்ச் செத்ததை உறுதிசெய்ய வேண்டியதில்லை. ஜினி வணிகத்தில் பெரிதாக எடுபடவில்லை. அதன் குத்தகை யோசனை இன்றும் பல இடங்களில் வேறு பெயர்களில் வாழ்கிறது.

25, 35 என்று இரண்டு எல்லைகள் எதற்கு என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். 25 மட்டும் இருந்தால், ஈரம் 24.9-க்கும் 25.1-க்கும் நடுவில் ஊசலாடும்போதெல்லாம் மோட்டார் போட்டுப் போட்டு நிற்கும். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் கணத்தில் சாதாரண மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வாக்கில் இழுக்கும். அடிக்கடி கிளப்பினால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிடும்.

எல்லாத் தகவலும் புதிதாக, சரியாக இருந்தாலும் ஒரு பாடு மிச்சம். கிணறு சித்தப்பாவுக்கு மட்டும் சொந்தம் இல்லை, பெரியப்பாவோடு பங்கு, ஆளுக்கு ஒருநாள் முறை. செடிக்குத் தாகம் என்கிறது ஒரு விதி. இன்று பெரியப்பா முறை என்கிறது இன்னொன்று. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டார் வறண்டு ஓடும் என்கிறது மூன்றாவது. மூன்றும் உண்மை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் இதற்கென்றே ஆள் உண்டு: நீர்ப்பாய்ச்சி. எந்த மடை எப்போது திறக்க வேண்டும், யார் வயலுக்கு முதலில் என்று முடிவெடுப்பவர். பாய்ச்சுகிறவர் அவர் என்பதால், வயல்காரர்கள் ஆளாளுக்கு மடையில் கை வைக்க மாட்டார்கள். மென்பொருளிலும் அப்படி ஒரே ஒரு இடம் வேண்டும். சேவைகள் கோரிக்கை வைக்கலாம், ஸ்டார்ட்டரைத் தொடுவது அந்த ஒரு நிரல் மட்டும். அதற்கு நாங்கள் கொடுத்த வரிசை: முதலில் மோட்டாரின் பாதுகாப்பு, அடுத்து மனிதர் கையால் சொன்னது, அடுத்து பங்கு முறை, கடைசியில்தான் ஈரம். மனிதர் சொன்னதை இயந்திரம் மாற்றக் கூடாது என்பதில் சித்தப்பா உறுதியாக இருந்தார். அவர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன்.

தெரியாதபோது என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. மல்லிகைத் தோட்டத்தில் சென்சர் பேசாவிட்டால் மோட்டாரை நிறுத்துவது பத்திரம், ஒருநாள் காய்ந்தால் செடி செத்துவிடாது. அதே ஊரில் பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருப்பவருக்கு நேர்மாறு. கோடையில் வெப்பநிலைச் சென்சர் மௌனமானால் மின்விசிறிகள் ஓடித்தான் ஆக வேண்டும். நின்றால் சில மணி நேரத்தில் கோழிகள் சாகும். எந்தப் பக்கம் தவறினால் நஷ்டம் குறைவு என்பதை மென்பொருள் எழுதுகிறவர் ஊகிக்க முடியாது. அதை வைத்துப் பிழைக்கிறவரிடம் கேட்டு, அந்தச் சேவைக்கே உரிய பதிலாக எழுதி வைக்க வேண்டும்.

இந்தத் தகவல்கள் யாரிடம் போகின்றன என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு. மோட்டார் எப்போது ஓடுகிறது என்று பார்த்தால் வீட்டில் ஆள் எப்போது இல்லை என்று தெரிந்துவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் வந்தது. தம்பி எல்லாவற்றையும் மோட்டார் ரூம் கணினியிலேயே வைத்திருக்கிறான். வெளியே போவது சித்தப்பா போனுக்கு வரும் செய்தி மட்டும். செல்போன் டவர் படுத்தாலும் முடிவெடுப்பது நிற்காது என்ற லாபமும் அதில் இருக்கிறது.

இப்போது போனில் "ஈரம் 31 சதவீதம், 12 நிமிடத்துக்கு முன்" என்று வருகிறது. ஆடி மாதம் ஒருநாள் ராத்திரி, "கரிசல் பக்கச் சென்சர் முக்கால் மணியாகப் பேசவில்லை. மோட்டார் போடவில்லை" என்று வந்தது. சித்தப்பா டார்ச் எடுத்துக்கொண்டு போய், செடி மூட்டில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டரைக் கையால் போட்டார். காலையில் தம்பி பேட்டரி மாற்றினான்.