ஓட இடமில்லாத கடல்

புதிதாக விட்ட மீன், தொட்டியின் மேல்மூலையில், நீர் வழிந்து இறங்கும் பெட்டியின் கண்ணாடியோடு ஒட்டி, துடுப்புகளை உடலோடு மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றால், அதற்குப் போக வேறு இடமில்லை என்று பொருள். என் தொட்டியில் அப்படி நின்றது ஒரு ராயல் கிராமா. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், விரல் நீளம். தொட்டியின் நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 50. பாறையும் மணலும் போக 300 லிட்டர் அளவுக்குக் கடல்நீர். எட்டு மாதமாக அங்கே குடியிருந்த ஆறுகோட்டு ராஸ் என்ற சிறு மீன், நிமிடத்துக்கு இரண்டு முறையாவது பாறை இடுக்கிலிருந்து புறப்பட்டு நேராக மேலே வந்து, கிராமாவின் பக்கவாட்டில் ஓர் இடி இடித்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மாலைக்குள் கிராமாவின் வால்துடுப்பு மேல்நுனியில் கிழிந்துவிட்டது. இரண்டும் ஒரே கடையில் அடுத்தடுத்த தொட்டிகளிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் அருகில் ‘சாது’ என்றுதான் எழுதியிருந்தது.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பொருத்த அட்டவணையைப் பார்த்திருப்பார்கள். இடப்பக்கம் மீன்களின் பெயர், மேலேயும் அதே பெயர்கள், நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போலத்தான் அதுவும்: ராசியைச் சொல்லுமே தவிர, மாமியார் வீட்டில் எத்தனை அறைகள் என்று சொல்லாது. மீன்களின் இணக்கம் என்பது இரண்டு இனங்களுக்கு இடையில் நிலையாக இருக்கும் குணம் அன்று. எவ்வளவு இடம், யார் முதலில் வந்தவர், எதற்காகச் சண்டை என்ற மூன்றையும் பொறுத்து, ஒரே இணை ஒரு தொட்டியில் ஒத்துப்போகும்; இன்னொரு தொட்டியில் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

சண்டை எதற்காக என்பதிலிருந்து தொடங்குவதே சரி. விலங்குகள் ஓர் இடத்தைக் காவல் காப்பதை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கலாம் என்று 1964-இல் ஜெர்ரம் பிரவுன் என்ற உயிரியலாளர் எழுதினார். காவல் காப்பதற்கு ஆற்றல் செலவாகிறது, காயம்படும் ஆபத்தும் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து கிடைக்கும் உணவோ துணையோ மறைவிடமோ அந்தச் செலவைவிட அதிகமானால்தான் காவல் கட்டுப்படியாகும். போட்டியாளர்கள் மிக அதிகமாகிவிட்டால், விரட்டி மாளாது என்பதால் காவல் கைவிடப்படும். கடைத் தொட்டியின் அமைதிக்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் போதுமான விளக்கம். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் நாற்பது நீல டாம்செல் மீன்கள் சண்டையின்றி நீந்துவதைப் பார்த்து, இவை சாதுவானவை என்று நாம் முடிவு கட்டுகிறோம். அங்கே பாறை இல்லை, பொந்து இல்லை, காக்கத் தகுந்தது எதுவும் இல்லை. மீன்களும் பெரும்பாலும் இளம் பருவத்தவை. அவற்றில் மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொந்துகள் நிறைந்த பாறைக் குவியலில் விடும்போது, அவற்றுக்கு முதல்முறையாகச் சொத்து கிடைக்கிறது. சில வாரங்களில் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும்.

அந்தச் சொத்தின் எல்லை எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. ஆர்தர் மிர்பெர்க்கும் ரொனால்ட் த்ரெஷரும் மேற்கு அட்லாண்டிக்கின் மூன்றுபுள்ளி டாம்செல்லை ஆராய்ந்து 1974-இல் எழுதிய கட்டுரையில், அந்த மீனைச் சுற்றி ஒரே வட்டம் இல்லை, ஒன்றினுள் ஒன்றாகப் பல வட்டங்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். தன் இனத்து மீன் வந்தால் அது வெகுதூரத்திலேயே பாய்ந்து விரட்டும். நெருங்கிய உறவுள்ள இனம் என்றால் இன்னும் கொஞ்சம் நெருங்க விடும். தொடர்பே இல்லாத இனம் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்டுகொள்ளும். பவளத்திட்டில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது, ஏனென்றால் விரட்டப்பட்ட மீன் வெளிவட்டத்தைத் தாண்டியதும் சண்டை முடிந்துவிடுகிறது. இப்போது அதே மீனை 120 சென்டிமீட்டர் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதன் வெளிவட்டம் கண்ணாடியைத் தாண்டி வரவேற்பறை வரை நீள்கிறது. தோற்ற மீன் ஓடுகிறது, ஆனால் எவ்வளவு ஓடினாலும் அத்துமீறியவனாகவே இருக்கிறது. கடலில் சில நொடிகளில் முடியும் மிரட்டல், தொட்டியில் நாள் கணக்கில் நீடிக்கிறது. பெரும்பாலான மீன்கள் கடிபட்ட காயத்தால் நேரடியாகச் சாவதில்லை. சாப்பிட வெளியே வர முடியாமல் மெலிந்து, எதிர்ப்பாற்றல் குறைந்து, ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்க்கு இரையாகிச் சாகின்றன.

ஆகவே ஒத்த தோற்றம் ஆபத்தானது. ஃபுளோரிடாவின் பவளத்திட்டுகளிலும் மீன்தொட்டிகளிலும் வண்ண மீன்களைக் கவனித்த கொன்ராட் லோரென்ஸ், அவை பிற இனத்தாரைவிடத் தம் இனத்தாரையே அதிகம் தாக்குகின்றன என்று கண்டு, அந்த அடர்வண்ணங்களே ‘இது என் இடம்’ என்று அறிவிக்கும் விளம்பரப் பலகைகள் என்று கருதினார். இணையாகவும் கூட்டமாகவும் அமைதியாக வாழும் வண்ண மீன்களும் ஏராளம் என்பதால், வண்ணம் பற்றிய அவருடைய விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. கவனிப்பு மட்டும் தொட்டி வைத்திருப்பவருக்கு இன்றும் பயன்படுகிறது. டேங் எனப்படும் சர்ஜன் மீன்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தட்டுப் போன்ற உடலும் உயர்ந்த முதுகுத்துடுப்பும் உள்ள மஞ்சள் டேங், அதே வடிவமுள்ள ஊதா டேங்கைப் பார்த்தால் உடனே பக்கவாட்டில் திரும்பி வாலை ஆட்டும். வாலின் அடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் இருக்கிறது. சர்ஜன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். வேறு வடிவமும் வேறு உணவும் உள்ள உளுவையோ கோமாளி மீனோ அதற்கு ஒரு பொருட்டே அன்று. இலட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கைக் கடல்களில் வாழும் வெளிர்நீல டேங்கை அதன் அழகுக்காக நாலடித் தொட்டிக்கு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சாணுக்கு வளரக்கூடிய, நாள் முழுவதும் பாசி மேய்ந்தபடி நீந்தித் திரியும் அந்த மீனை அப்படி அடைப்பது, என்னைக் கேட்டால், எந்த அட்டவணையாலும் நியாயப்படுத்த முடியாதது.

கோமாளி மீனின் கதை வேறு. அங்கே சண்டை, இடத்துக்காக மட்டும் அன்று, பதவிக்காகவும் நடக்கிறது. பூவைப் போலத் தோன்றும் கடல் சாமந்தி என்ற உயிரியில் வாழும் கோமாளிகளில் மிகப் பெரியது பெண், அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண், மற்றவை அளவு வாரியாக வரிசையில் காத்திருப்பவை. எல்லாமே ஆணாகத் தொடங்குபவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆணாகப் பதவி ஏறும். ஹான்ஸ் ஃப்ரிக்கவும் சிமோன் ஃப்ரிக்கவும் 1977-இல் இதை விளக்கினார்கள். இன்னும் வியப்பானது, பப்புவா நியூகினியில் பீட்டர் பஸ்டன் கண்டு 2003-இல் வெளியிட்டது: வரிசையில் கீழே இருக்கும் மீன், தனக்கு மேலே இருப்பதை அளவில் நெருங்கிவிடாதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. நெருங்கினால் போட்டியாளர் என்று கருதப்பட்டு வெளியேற்றப்படும்; சாமந்திக்கு வெளியே களவாவும் அஞ்சாளையும் காத்திருக்கும் கடலில், வெளியேற்றம் என்பது மரணதண்டனை.

இதைத் தெரிந்துகொண்டால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு பெரிய கோமாளிகளை ‘ஜோடி’ என்று வாங்கினால், இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. பெண் மறுபடியும் ஆணாக முடியாது என்பதால் அந்தச் சண்டைக்குச் சமரசமே கிடையாது. அளவில் தெளிவான வேறுபாடுள்ள இரண்டு இளம் மீன்களை ஒன்றாக விடுவதே வழி. சிறியது பெரியதன் முன் பக்கவாட்டில் சாய்ந்து, உடல் முழுதும் குளிர்கண்டது போல நடுங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் நோய் என்று பதறுவார்கள். அது பணிவின் அறிவிப்பு, அந்த நடுக்கத்தைக் கண்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மூன்றாவது கோமாளியைச் சேர்க்காதீர்கள். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளிகளைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சுகள் கூட்டமாகவே வளர்ந்தவை என்பதால் தொடக்கத்தில் ஐந்தாறு சேர்ந்து வாழ்வதுபோலத் தோன்றும். ஓர் இணை உருவாகும் நாள் வரைதான் அந்த ஒற்றுமை.

ஆந்தியாஸ் மீன்களில் இந்த வரிசை தலைகீழ்: பெண்களாகத் தொடங்கி, கூட்டத்தின் ஆண் மறைந்தால் ஒரு பெண் ஆணாகிறது. எனவே ஒரு ஆணும் பல பெண்களுமாக வைப்பார்கள்.

சண்டையே போடாமல் கொல்லும் பொருத்தமின்மையும் உண்டு; அதைத்தான் அட்டவணைகள் அடியோடு தவறவிடுகின்றன. மாண்டரின் எனப்படும் பச்சை நீலச் சித்திர மீன், பாறைமேல் மெல்ல ஊர்ந்தபடி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுள்ள கோப்பிபாடு உயிரிகளை நாள் முழுவதும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். தூவுகிற உணவை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஆறுகோட்டு ராஸும் அதே பாறையில் அதே உயிரிகளைத்தான் வேட்டையாடுகிறது, அதுவும் மும்மடங்கு வேகத்தில். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. சில வாரங்கள் கழித்துப் பக்கவாட்டில் பார்த்தால், மாண்டரினின் வயிறு உள்ளே ஒட்டி, முதுகின் இருபக்கமும் குழி விழுந்திருக்கும்.

வாய்க்குள் நுழையும் எதுவும் உணவு என்ற விதியை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சிங்கமீனின் வாய் எவ்வளவு விரியும் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும். கிளாத்தியும் பேத்தையும் இறால், நண்டு, நத்தைகளை உடைத்துத் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்குப் பவளத்தின் மொட்டே சாப்பாடு. குள்ள ஏஞ்சல் மீன்கள்தான் குழப்பக்காரர்கள்: ஒன்று ஆயுள் முழுதும் பவளத்தைத் தொடாது, அதே இனத்தில் இன்னொன்று ஓராண்டு சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கொறிக்கத் தொடங்கும். விலையுயர்ந்த பவளம் வைத்திருப்பவர் இந்தச் சூதாட்டத்துக்கு வராமலிருப்பது நல்லது.

இனி, என் கிராமாவுக்கு வருகிறேன். பிழை என்னுடையது: வரிசையை மாற்றிப் போட்டேன். சாதுவான மீன்கள் முதலில், முரட்டு மீன்கள் கடைசியில் என்பது எல்லோரும் சொல்லும் விதி. குடியிருப்பவனுக்கு இருக்கும் துணிச்சல் வந்தேறிக்கு இருக்காது என்பதே அதன் அடிப்படை. ஆறுகோட்டு ராஸ் உருவில் சிறியதாக இருந்ததாலும், நத்தைகளின் மேல் ஒட்டும் சிறு ஒட்டுண்ணிகளைத் தின்னும் என்பதாலும் அதை முதலில் விட்டேன். எட்டு மாதத்தில் தொட்டியின் ஒவ்வொரு பொந்தும் அதனுடையதாகிவிட்டது. கிராமாவும் பொந்தில் வாழும் மீன். ஆகவே போட்டி நேரடியானது.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு கிராமாவை வலையில் எடுத்து, துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் விட்டுத் தொட்டியின் உள்ளேயே தொங்கவிட்டேன். உள்ளே ஒரு துண்டு பிவிசி குழாய், ஒளிந்துகொள்ள. ராஸ் முதல்நாள் பெட்டியை இடித்துக்கொண்டே இருந்தது. இடியால் பலன் ஏதும் இல்லை, எதிரியும் நகரவில்லை. அப்படியிருக்கும் எச்சரிக்கையை நரம்பு மண்டலம் மெல்ல மெல்லப் பொருட்படுத்தாமல் விடும். பழக்கப்படுதல் என்று இதைச் சொல்வார்கள். அதே சமயம் கிராமா தொல்லையின்றிச் சாப்பிட்டுத் தேறியது, ஐந்தாம் நாள் வால்நுனி வளரத் தொடங்கியிருந்தது. இடிப்பதும் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. டேங்குகளுக்குக் கண்ணாடி வைத்தால், தன் பிம்பத்தோடு சண்டையிட்டுப் புதியவனை மறந்துவிடும். ராஸ் அந்த ஏமாற்றுக்கு மசியவில்லை.

ஏழாம் நாள் ராஸைப் பிடிக்க முடிவு செய்தேன். பாறைகளுக்கிடையில் அதை வலையால் பிடிக்க முடியாது. பிளாஸ்டிக் பாட்டிலின் வாய்ப்பகுதியை வெட்டி, புனல்போலத் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்த பொறியில் மூன்று நாள் கழித்து விழுந்தது. தொட்டிக்குக் கீழே வடிகட்டி இருக்கும் சம்ப்பில் ராஸை இரண்டு வாரம் வைத்தேன். அதற்குள் இரண்டு பெரிய பாறைகளை இடம் மாற்றி அடுக்கினேன். பழைய எல்லைக்கோடுகள் அழிய வேண்டும் என்பதற்காக. உணவையும் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடப் பழகினேன், ஒரே இடத்தில் போட்டால் அந்த இடமே காக்கத் தகுந்த சொத்தாகிவிடும்.

பெட்டியிலிருந்து வெளியே விட்ட கிராமா வலப்பக்கப் பாறையின் அடியில் குடியேறியது. கூரையை ஒட்டி வயிறு மேலாக நீந்துவது அதன் வழக்கம். இரண்டு வாரம் முடிந்த அன்றிரவு ராஸைத் திரும்ப விட்டேன். மறுநாள் காலை அது இடப்பக்கத்தில் புதிய பொந்துகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு, வலப்பக்கப் பாறையை நெருங்கியபோது, கிராமா வாயை அகலத் திறந்து வாசலில் நின்றது. ராஸ் ஒரு கணம் நின்று, திரும்பிவிட்டது. இப்போதும் நாளுக்கு ஓரிரு முறை இந்த வாய்திறப்பு நடக்கிறது. வால்களில் கிழிசல் இல்லை, இரண்டும் சாப்பிட வெளியே வருகின்றன.