மூன்றாவது டம்ளர்

"ஷெல் ஸ்கிரிப்டில் மெனு காட்ட டயலாக் நிறுவினேன். தனியாக ஓட்டினால் பெட்டி அழகாக வருகிறது. அதன் பதிலை வேரியபிளில் பிடிக்கப் போனால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதே இடத்தில் நானும் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. அது ஓடும்போது எழுத்துத் திரையில் பெட்டி வரைந்து நம் பதிலை வாங்கித் தரும் சிறு நிரல்தான் டயலாக். நிறுவுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. உபுண்டு, டெபியன் என்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டயலாக்'. ஃபெடோராவில் ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப். ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியின் அமைப்புத் திரையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெட்டி பழக்கமானதாகத் தெரியும். அங்கே ஓடுவது விப்டெயில், டயலாக்கின் தம்பி மாதிரி. இனி சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு நிரலுக்கு மூன்று வாசல்கள் உண்டு என்பது தெரிந்ததுதான்: 0 வழியாக உள்ளீடு, 1 வழியாக வெளியீடு, 2 வழியாகப் பிழைச் செய்தி. பிழைக்குத் தனி வாசல் வந்த கதை வேடிக்கையானது. 1970களில் பெல் ஆய்வகத்தில் அச்சுக்கோர்க்கும் கருவிக்கு ஆவணத்தை அனுப்பினால், சில சமயம் 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரி விலை உயர்ந்த தாளில் அழகாக அச்சாகி வருமாம். அதனால்தான் பிழைக்குத் தனி வாசல்.

டயலாக்குக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு: பெட்டியின் படம், நீங்கள் தேர்ந்தெடுத்த பதில். படத்தை 1 வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. பதிலை 2 வழியாக விடுகிறது. ஆனால் ஒரு கட்டளையின் வெளியீட்டை வேரியபிளில் போட ஷெல் தரும் $( ) பிடிப்பது 1-ஐ மட்டும். ஆக, பெட்டி முழுவதும் வேரியபிளுக்குள் போய் விழுகிறது. திரை வெறுமையாக நிற்கிறது. அது உறையவில்லை, உங்கள் என்டருக்காகக் காத்திருக்கிறது!

இதற்குத் தீர்வாக எல்லோரும் ஒட்டிக்கொள்ளும் வரி இது:

3>&1 1>&2 2>&3

எலுமிச்சம்பழத்தை வண்டியில் கட்டுவதுபோல, பொருள் கேட்காமலே இதைக் கட்டிவிடுகிறார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு டம்ளரில் காபி, இன்னொன்றில் மோர். இடம் மாற்ற வேண்டுமானால் காலி டம்ளர் ஒன்று வேண்டும் அல்லவா? அந்தக் காலி டம்ளர்தான் 3. ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில், 1 போகும் இடத்தை, அதாவது வேரியபிளுக்குப் போகும் குழாயை, 3 குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்து, 2 ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் திரைக்கே 1 திரும்புகிறது. கடைசியாக, 2 அந்தக் குழாய்க்குப் போகிறது. பெட்டி திரையில், பதில் வேரியபிளில்.

இங்கே >& என்பது இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுவதில்லை. 'அது இந்தக் கணம் எங்கே போகிறதோ அந்த விலாசத்தை நகலெடுத்துக்கொள்' என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் வரிசை முக்கியம். 3 இல்லாமல் 1>&2 2>&1 என்று எழுதிப் பாருங்கள்: இரண்டுமே திரையைப் பார்த்து நிற்கும், குழாயின் விலாசம் யாரிடமும் இருக்காது.

பதிலை 1 வழியாகவே அனுப்பச் சொல்லும் எஸ்டிடிஅவுட் தெரிவும் டயலாக்கில் உண்டு. அப்போது அது டெர்மினலை, அதாவது கட்டளைத் திரையை, தனியாகத் திறந்து படம் வரையும். எல்லாக் கணினியிலும் இது ஓடும் என்று நம்பாதீர்கள் என அதன் கையேடே எச்சரிக்கிறது. இந்தக் கையேட்டையும் நிரலையும் பல ஆண்டுகளாகப் பராமரிப்பவர் தாமஸ் டிக்கி. எழுத்துத் திரையில் வரைய உதவும் என்கர்சஸ், டெர்மினல் நிரலான எக்ஸ்டெர்ம் இரண்டையும் கவனித்துக்கொள்பவரும் இவரே. புதிய செயலி என்றால் காசு கொட்டும் உலகம் இந்த மாதிரி வேலைக்கு ஒரு பைசா எடுத்துவைப்பதில்லை என்பது என் பழைய ஆத்திரம்.

அப்புறம், பதிலோடு ஒரு முடிவு எண்ணும் வரும்: சரி என்றால் 0, ரத்து என்றால் 1, எஸ்கேப் என்றால் 255. இது ஷெல்லின் $? என்ற வேரியபிளில் இருக்கும், அடுத்த கட்டளை ஓடும்வரை மட்டும். என் ஸ்கிரிப்ட் ஒன்றில் பெட்டி மறைந்ததும் திரையைத் துடைக்க 'கிளியர்' போட்டு, அதற்குப் பிறகுதான் $? பார்த்தேன். கிளியர் எப்போதும் ஒழுங்காகவே முடியும், 0. 'பழைய காப்புப் பிரதிகளை அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது, ரத்து என்று அழுத்தினேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டது.