கணக்கெடுப்பில் பெயர் இருந்தால் காணி உங்களுடையதா?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிக் காணிக்கு முற்பணத்தைக் கட்டிவிட்டு, கமநல சேவை நிலையப் பதிவின் போட்டோப் பிரதியோடு சட்டத்தரணிகளான எங்களிடம் வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. "விக்கிறவர் பேர் இருக்குத்தானே சேர், கணக்கெடுப்பிலயும் பதிஞ்சிருக்கு" என்பார்கள். பதிந்திருக்கட்டும். அது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், ஆகாது.

விவசாயத் தொகைமதிப்புக்கு, அதாவது அந்தக் கணக்கெடுப்புக்கு, வருகிற உத்தியோகத்தருக்கு வேண்டியது யார் பயிரிடுகிறார், எவ்வளவு பரப்பு, என்ன பயிர் என்பதுதான். காணி யாருடையது என்று கேட்டாலும் நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போவார். உறுதியைப் புரட்டிப் பார்க்கமாட்டார். சொந்தக் காணியோ குத்தகையோ பிடித்துவைத்த அரச காணியோ, ஒருவர் நடத்தினால் அது கணக்கில் ஒரு பற்று, அதாவது ஒருவர் பயிர்செய்கிற ஓர் அலகு. தோட்டத்து நிலத்தில் கால் ஏக்கர் லீக்ஸ் போட்டவரும் அப்படியே எண்ணப்படலாம். பற்றுகளின் எண்ணிக்கையைக் காணிக்காரரின் எண்ணிக்கையாக எழுதும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன. படித்தவர்களே இப்படி எழுதினால் யாரிடம் சொல்வது?

பெருந்தோட்டக் கணக்கில் குழப்பம் இன்னும் மோசம். 1962, 1982, 2002 தொகைமதிப்புகளை அடுக்கிப் பார்த்தால் தோட்டத்துறை அதேபோல நிற்கும், காணிக்காரர்தான் மாறியிருப்பார். 1962இல் கம்பனிகளும் தனியாரும். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர், நெற்காணியானால் 25 ஏக்கர் என்று வரம்பு போட்டது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுக்கு எடுத்தது. 1982இல் அவற்றில் பெரும்பகுதி ஜனவசம என்ற அரச தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்தது. 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளுக்குப் போனது. நீண்டகாலக் குத்தகை பிறகு வந்தது. ஆகவே "கம்பனிக் காணி, துரை கடிதம் தந்திருக்கிறார்" என்று தோட்ட முகாமையாளரின் கடிதத்தைக் காட்டுபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். குத்தகைக்காரரின் கடிதத்தால் அரச காணி கைமாறாது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பின்புறத் தோட்டமோ பெரும்பாலும் நிர்வாகம் சொல்லும் தோட்டப் பரப்புக்குள்ளேயே அடங்கிவிடும். தலைமுறைகளாகக் கொத்தியவரின் பெயர் எந்த அட்டவணையிலும் வராது. அதற்காக அவருக்கு உரித்துக் கோரிக்கையே இல்லை என்று வாதாடுவதும் அபத்தம்.

காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதி, எடுங்கள், குறைந்தது 30 வருடம் பின்னோக்கி. பிளானின் துண்டு இலக்கமும் நான்கு எல்லைகளும் உறுதியின் அட்டவணையோடு ஒத்துப்போக வேண்டும். அலகையும் பாருங்கள்: 0.1 ஹெக்டேயர் 10 பேர்ச் அல்ல, ஏறக்குறைய 40. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்காமல் நகராதீர்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் முத்திரைத்தாளில் கையொப்பம் வாங்குவதால் எதுவும் ஆகப்போவதில்லை. இவ்வளவையும் தயவுசெய்து முற்பணத்துக்கு முன்னால் செய்யுங்கள். பிறகு வந்தால் எங்களால் வழக்குத்தான் போட முடியும்.