நாளத்தின் உட்சுவர் இரத்தத்தில் விடும் தடயங்கள்

இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி இரண்டு எண்களைத் தருகிறது. 140/90 என்றால், இதயம் சுருங்கும்போதும் தளரும்போதும் தமனியின் சுவரை இரத்தம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தள்ளலை ஆண்டுக்கணக்கில் தாங்கிய சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒரே அழுத்தம் உள்ள இருவரில் ஒருவருடைய தமனி நெகிழ்வாக இருக்கலாம், மற்றவருடையது விறைத்துப் போயிருக்கலாம். இந்த வேறுபாட்டை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்குமா? ஓரளவு காட்டும். எவ்வளவு என்பதை அறிய நாளத்தின் உட்சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

உடலிலுள்ள எல்லா இரத்த நாளங்களின் உட்புறத்திலும் ஒற்றைச் செல் அடுக்கு ஒன்று பரவியிருக்கிறது. எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். நீண்ட காலம் அதை வெறும் உறை என்றே கருதி வந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், ஜான் ஜவாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. முயலின் பெருந்தமனித் துண்டின் மீது, நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டதும் அந்தத் துண்டு தளர்ந்தது. உட்புற அடுக்கைத் தேய்த்து நீக்கிவிட்டு அதே பொருளைக் கொடுத்தபோது தளரவில்லை. அப்படியானால் தசையைத் தளரச் சொல்வது இந்த மெல்லிய அடுக்குதான். அது அனுப்பும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது 1980களின் பிற்பாதியில் உறுதியானது. 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவரும் இதற்காகப் பெற்றார்கள். இவ்வளவு எளிமையான சோதனை இவ்வளவு பெரிய கதவைத் திறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதை எண்டோதீலியச் செல்கள் உணர்கின்றன. ஓட்டம் கூடினால் அவற்றிலுள்ள ஒரு நொதி, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. வாயு பக்கத்திலுள்ள தசைக்குள் ஊடுருவ, தசை தளர்ந்து நாளம் விரிகிறது. தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே வாயுதான். எதிர்த்திசையில் நாளத்தை இறுக்கும் பொருளையும் இந்தச் செல்களே சுரக்கின்றன. எண்டோதீலின் என்ற அந்தப் பொருளை 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

உயர் இரத்த அழுத்தத்தில் இந்தச் சமநிலை குலைகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் நாளத்தை இறுக்குவதோடு நிற்பதில்லை. சுவரின் செல்களில் சூப்பராக்சைடு என்ற தீவிர மூலக்கூறு உருவாவதையும் அது தூண்டுகிறது. சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து அதை அழித்துவிடுகிறது. சேர்க்கையில் பிறக்கும் பெராக்ஸிநைட்ரைட் நொதியின் துணைப் பொருளையும் சிதைக்கிறது. அதன் பிறகு அந்த நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக சூப்பராக்சைடையே உருவாக்கத் தொடங்கிவிடுகிறது. காக்க வேண்டிய நொதியே கேடு செய்யும் இந்த நிலையை நோயின் மிகக் கொடிய திருப்பம் என்பேன்.

இது ஆய்வுக்கூட ஊகமாக நின்றுவிடவில்லை. 1990இல் அமெரிக்காவில் ஹூலியோ பான்சாவின் குழு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் முன்கைத் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தது. மற்றவர்களுக்கு விரிந்த அளவுக்கு அவர்களுடைய நாளங்கள் விரியவில்லை. எண்டோதீலியத்தின் உதவியின்றித் தசையை நேரடியாகத் தளர்த்தும் நைட்ரோபுருசைடைக் கொடுத்தபோதோ, இரு தரப்பிலும் நாளங்கள் ஒரே மாதிரி விரிந்தன. தசைக்குத் தளரும் திறன் இருந்தது. உத்தரவுதான் வந்து சேரவில்லை. அழுத்தம் சுவரைக் கெடுக்கிறதா, கெட்ட சுவர் அழுத்தத்தைக் கூட்டுகிறதா என்று கேட்டால் இரண்டும் நடக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி இரத்தத்துக்கு வருவோம். நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக அளப்பது கடினம், சில நொடிகளிலேயே அது மறைந்துவிடும். அது விட்டுச்செல்லும் நைட்ரைட், நைட்ரேட் உப்புகளை அளக்கலாம் என்றால், நைட்ரேட் நிறைந்த கீரை, காய்கறிகளைச் சாப்பிட்டாலே அந்த அளவு ஏறிவிடுகிறது. எண்டோதீலினிலும் சிக்கல் உண்டு. செல்கள் அதைப் பெரும்பாலும் தசை இருக்கும் பக்கமாகவே சுரக்கின்றன. இரத்தத்தில் கசிவது சிறு பகுதி என்பதால், சுவருக்குள் நடப்பதை இரத்தத்திலுள்ள அளவு குறைத்தே காட்டும்.

செல்கள் காயப்படும்போது உதிர்ப்பவை இன்னொரு வகைத் தடயம். வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்த எண்டோதீலியம் தன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது. அவற்றில் சில அறுந்து இரத்தத்தில் மிதக்கும். இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி இந்தச் செல்களுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, செல்கள் தூண்டப்பட்டால் வெளியே வருகிறது. அது உயர்ந்திருந்தால் உட்சுவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் ஓ பிரிவு இரத்தம் உள்ளவர்களிடம் அந்தக் காரணி இயல்பாகவே ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஒரே எண்ணுக்கு இருவரிடம் இரு பொருள் என்றால், மருத்துவர் அதைத் தனியே வைத்து என்ன முடிவெடுப்பார்?

அதிகம் பேசப்படுவது சி-ரியாக்டிவ் புரதம். அழற்சியின் செய்தி எட்டியதும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. நுண்ணளவுப் பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 3க்கு மேல் அதிகம் என்று கொள்வது வழக்கம். 10ஐத் தாண்டினால் முதலில் தொற்று எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மீண்டும் அளக்க வேண்டும். பரம்பரையாகவே இந்தப் புரதம் கூடுதலாக உள்ளவர்களை ஆராய்ந்தபோது, அதனால் மாரடைப்பு அதிகரித்ததாகத் தெரியவில்லை. அழற்சி நடக்கிறது என்பதை அது தெரிவிக்கிறது. நாளத்தைக் கெடுப்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. அடையாளத்தையும் காரணத்தையும் பிரித்தறியும் இந்த இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இப்படி உடலின் நிலையைக் காட்டும் ஒரு குறிப்பான் உயர்ந்திருக்கிறது என்று கேட்டவுடன் அதைக் குறைக்க மருந்து தேடுவோர் பலர்.

சுவரை நேரடியாகச் சோதிக்கும் வழிகளும் உண்டு. கையில் பட்டையைக் கட்டி 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு விடுவித்ததும், பாய்ந்து வரும் இரத்தத்துக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். நாடித் துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடை வரை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றும் அளக்கலாம். விறைத்த குழாயில் அலை வேகமாகச் செல்லும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்துவிட்டது என்று கருதுகிறார்கள். முதல் சோதனைக்கு மிகுந்த பயிற்சி தேவை என்பதால் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிட்டது.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் எந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், புதுமையான குறிப்பான்களின் பட்டியலை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு இந்த நிலை இருந்தது. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. பட்டை கட்டி அளக்கும் எளிய கருவியே இன்னும் அவர்களை எட்டவில்லை. கண்டறியப்பட்டவர்களுக்கோ கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய பழைய பரிசோதனைகளே அதிகம் சொல்கின்றன.

அவற்றோடு சிறுநீரில் அல்புமின் அளவையும் சேர்க்க வேண்டும். சிறுநீரக வடிகட்டியிலுள்ள நுண்ணிய நாளங்களின் உட்சுவர் நலமாக இருந்தால் இந்தப் புரதம் சிறுநீரில் மிகக் குறைவாகவே கசியும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால், வடிகட்டியின் நாளங்கள் கெடத் தொடங்கியதற்கான அறிகுறி அது. இதயத்துக்கும் மூளைக்கும் உள்ள அபாயமும் இதோடு சேர்ந்தே உயர்கிறது. இரத்தத்தில் தேடும் எந்த அரிய குறிப்பானைவிடவும் இது மலிவானது.

சிகிச்சைக்கேற்ப மாறுவது இதன் இன்னொரு சிறப்பு. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் அழுத்தத்தோடு அல்புமின் கசிவையும் குறைக்கின்றன. அவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மீண்டும் அளக்கப்படும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை உயர்ந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்துவதில்லை, வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கியதால் வரும் உயர்வு அது. அதைக் கண்டு பயந்து தாமாகவே மாத்திரையை விட்டுவிடுபவர்கள் தங்கள் சிறுநீரகத்துக்கான பாதுகாப்பையே இழக்கிறார்கள்.