கண்டல் வேரில் சிக்கும் வைரஸ்

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவிலிருந்து என்னிடம் பௌதிகவியல் படிக்க வருகிறாள் ஒரு மாணவி. தகப்பன் கரைவலைக்காரர். 2025 ஜனவரியில், சீனாவில் புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று வட்ஸ்அப் முழுக்கச் செய்தி ஓடிய நாட்களில், வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று கேட்டாள்:

"சேர், வலைக்கண்ணை விடச் சின்ன மீன் வலையில நிக்காது எண்டு அப்பா சொல்றார். வைரஸ் மாஸ்க்கின்ட ஓட்டையை விடச் சின்னது எண்டு நீங்கதான் படிப்பிச்சீங்க. அப்ப மாஸ்க் போட்டு என்ன பிரயோசனம்?"

அந்தச் செய்திகளில் அடிபட்ட ஹியூமன் மெற்றாநியூமோ வைரஸ் புதியதே அல்ல. 2001இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஆனால் நாளைக்கு உண்மையிலேயே புதிய ஒன்று வந்தாலும் இந்தக் கேள்வியும் அதோடு சேர்ந்துதான் வரும். கரைவலைக்காரர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மாஸ்க்கை வலை என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் பிழை.

புதிய வைரஸ் என்றால் என்ன என்பது பாடசாலைப் பாடம்தான். தானாகப் பெருகத் தெரியாத, நம் கலங்களுக்குள் புகுந்து அவற்றின் தொழிற்சாலையைக் கைப்பற்றுகிற ஒரு மரபுப் பொதி. நம்மில் யாருடைய உடலும் அதை முன்பு கண்டதில்லை என்பதால் முதல் சுற்றில் எல்லோரும் அதற்கு இரை. தடுப்பூசி செய்வது அந்த அறிமுகத்தைத்தான், நோய் இல்லாமல். கொவிட் வைரஸின் விட்டம் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. இவ்வளவும் போதும். அது ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சுக்கு எந்த வழியால் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. மூச்சுக்குழாயின் உள்ளே பூசியிருக்கும் ஈரம், நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் நுண்துளிகளாகப் பிய்ந்து வெளியே வருகிறது. வைரஸ் அந்தத் துளிக்குள் உப்போடும் சளியோடும் சேர்ந்து பயணிக்கிறது. பருமன்தான் துளியின் தலையெழுத்து. 100 மைக்ரோமீற்றர் துளி ஒன்று வாயிலிருந்து நிலத்துக்கு விழ ஏழெட்டு விநாடிகூடத் தேவையில்லை. 5 மைக்ரோமீற்றர் துளிக்கு, அசையாத காற்றில், அரை மணித்தியாலம். 1 மைக்ரோமீற்றர் துளிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம்! வீட்டுக்குள் காற்று அவ்வளவு நேரம் அசையாமல் எங்கே இருக்கும்? ஆக, அந்தத் துளி விழுவதே இல்லை, அலைந்துகொண்டிருக்கிறது.

இதை என் வகுப்பறையிலேயே காட்டினேன். யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, கடைசி வாங்குக்குப் பின்னால் தணல் போட்டுச் சாம்பிராணி தூவினேன். சாம்பிராணிப் புகையின் துகள்கள் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்தவை, நம் மூச்சின் நுண்துளிகளுக்கு நெருங்கிய உறவு. ஓட்டு இடுக்கால் விழுந்த வெயில் கீற்றில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு நூல் நூலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் முன்வாங்கு வரைக்கும் கீற்று முழுக்கப் பால் வெள்ளை. ஒரு மீற்றர் தள்ளியிருந்தவரும் ஆறு மீற்றர் தள்ளியிருந்தவரும் ஒரே புகையைத்தான் சுவாசித்தார்கள். எதிரெதிரான இரண்டு யன்னல்களைத் திறந்தோம். அது கச்சான் காற்று வீசும் காலம், காற்று உள்ளே புகுந்து கீற்றைத் துடைத்துவிட்டுப் போனது.

இந்தச் சங்கதி 1934இலேயே எழுதப்பட்டிருந்தது. வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர், சிறு துளிகள் விழுமுன்னே உலர்ந்து, காற்றில் மிதக்கும் கருக்களாகிவிடுகின்றன என்று காட்டினார். அப்படியிருந்தும் 2020 மார்ச் 28இல் உலக சுகாதார அமைப்பு, கொவிட் காற்றால் பரவும் நோயல்ல என்று உலகத்துக்கே அறிவித்தது. அதற்குப் பதினெட்டு நாளுக்கு முன்புதான், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் பாடல் பயிற்சி செய்திருந்தது. வந்தவர்கள் 61 பேர், நோயோடு வந்த ஒருவரையும் சேர்த்து நோய் கண்டவர்கள் 53 பேர், இறந்தவர்கள் 2 பேர். கொவிட் காற்றாலும் பரவும் என்று ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் நாம் தேங்காயையும் தபால் உறையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். கை கழுவுவது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு யன்னலை மறந்திருந்தோம்.

நோய் போகும் வழியைப் பிழையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை, இறந்தவரைப் புதைக்கும் முஸ்லிம் மக்கள் வாழும் கிண்ணியாவிலோ மூதூரிலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடலைப் புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று சொல்லி, இலங்கையில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்கவைத்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் சொல்லியிருந்தது. இறந்த உடலில் இருமல் இல்லை, மூச்சு இல்லை. உயிருள்ள கலம் இல்லாமல் அந்த வைரஸ் பெருகவும் முடியாது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. புதைத்ததும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மூடநம்பிக்கை என்றால் தாயத்தும் மந்திரித்த தண்ணியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆதாரமில்லாத ஒரு பயம் சட்டமாக வந்தால், என் பார்வையில் அதுவும் மூடநம்பிக்கைதான், மிகக் கொடிய வகை. 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்துப் பாணி கொடுக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நின்றார்களே, அந்த நெரிசலைவிட வைரஸுக்கு வேறென்ன வேண்டும்? கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். அதைக் குடித்துவிட்டோம் என்ற துணிவில் கூட்டத்துக்குள் போகாதீர்கள்.

இனி மாஸ்க். எனக்கு எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காத பகுதி இது.

என்95 மாஸ்க் ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள். வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, இடையில் கடதாசி போல மெல்லிய வெள்ளைப் படை. அந்த இடைப்படைதான் ஆள். பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, ஒரு சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள இழைகளாக்கி, ஒழுங்கே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழவிட்டுச் செய்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வலை தெரியாது. கண்டல் காடு தெரியும். கொட்டியாரக் குடாவின் கரையில், வெள்ளம் வடிந்த பிறகு கண்டல் வேர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வேருக்கும் வேருக்கும் இடையில் கையை விடலாம், அவ்வளவு இடைவெளி. ஆனாலும் விரலளவு பொலித்தீன் துண்டுகள்கூட அங்கே சிக்கித் தொங்கும். இடைவெளியால் புகுந்த துண்டு, அடுத்த வேரில், அதற்கடுத்த வேரில் எங்காவது முட்டாமல் போக முடிவதில்லை.

வலையில் நெத்தலி ஒன்று நூலை உரசிக்கொண்டே நழுவிவிடும். ஒரு மைக்ரோமீற்றர் உலகத்தில் நழுவல் கிடையாது. அந்தப் பருமனில் மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி, துகளின் எடையோடு ஒப்பிட்டால் பிரமாண்டமானது. தொட்டால் ஒட்டியதுதான். ஆகவே மாஸ்க்கின் வேலை துகளை மறிப்பது அல்ல, ஒரே ஒரு தரம் எந்த இழையிலாவது தொடவைப்பது.

எப்படித் தொடவைப்பது? பெரிய துகளுக்குச் சடத்துவம். இழையைச் சுற்றிக் காற்று வளைந்து போகும். கனமான துகளால் அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாது, வேகமாக வந்த முச்சக்கரவண்டி வளைவில் மதிலோடு மோதுவது போல நேரே இழையில் மோதும். அதைவிடச் சிறியவை காற்றோடு ஒழுங்காக வளைந்தாலும், அவற்றின் ஓரம் இழையில் உரசிவிடும்.

மிகச் சிறியவைதான் என் அன்புக்குரியவை. 0.1 மைக்ரோமீற்றர் துகள் ஒன்றைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுகின்றன. அது நேர்கோட்டில் போகவே முடியாது. பத்திரகாளி அம்மன் தேர் நெரிசலில் கைவிட்ட பிள்ளை போல இங்கும் அங்கும் தள்ளாடுகிறது. 1827இல் றொபேட் பிரவுண் நீரில் கிடந்த மகரந்தமணிகளிலிருந்து வந்த நுண்துணிக்கைகளில் கண்ட அதே அசைவு. 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு, மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றன என்று உலகை நம்பவைக்க உதவிய அதே அசைவு. தள்ளாடுகிறவர் காட்டுக்குள் போனால் நேரே நடப்பவரைவிடக் கூடுதலான மரங்களில் முட்டுவார். ஆகவே, சாம்பல்தீவுப் பிள்ளையே, மிகச் சிறிய துகள்தான் மாஸ்க்கில் சுலபமாகச் சிக்குகிறது.

அப்படியென்றால் தப்புவது யார்? நடுத்தரம். மோதுவதற்குப் போதிய கனமும் இல்லை, தள்ளாடுவதற்குப் போதிய சிறுமையும் இல்லை. ஏறத்தாழ 0.3 மைக்ரோமீற்றர். என்95 மாஸ்க்கைச் சோதிப்பதும் இந்த மிகக் கடினமான பருமனில்தான். அங்கே குறைந்தது 95 வீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். அதைவிடப் பெரியதையும் மிகச் சிறியதையும் அதைவிட நன்றாகவே பிடிக்கும்.

நடுத்தரத்தையும் பிடிக்க, இழைகளுக்கு மின் ஏற்றம் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் அடிமட்டத்தைத் தலைமயிரில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்கியிருப்பீர்கள். துண்டுக்கு ஏற்றம் இல்லை, ஆனாலும் அடிமட்டம் கிட்ட வரும்போது அதன் உள்ளே ஏற்றங்கள் சற்று விலகி, கவரப்படுகிறது. அதே கதைதான் வைரஸ் ஏறிவரும் துளிக்கும். அடிமட்டத்தின் ஏற்றம் நிமிடங்களில் கரைந்துவிடும். மாஸ்க் இழையில் அது உள்ளே பதிந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். காந்தத்துக்கு மின்னில் ஒரு தம்பி என்று வையுங்கள், எலெக்ட்ரெட் என்பது அதன் பெயர். இந்த ஏற்றத்தால்தான் இழைகளை நெருக்காமலே, மூச்சு முட்டாமலே, வடிகட்ட முடிகிறது.

இழைகளுக்கு இப்படி ஏற்றம் கொடுக்கும் முறையை 1990களில் வளர்த்தெடுத்தவர், தாய்வானில் பிறந்து அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழகத்தில் வேலை செய்த பீற்றர் சாய். கொவிட் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஏறத்தாழ 0.1 வீதம். "இதால இப்ப என்ன லாபம்?" என்று கேட்டுத்தான் அந்தக் காசையும் கொடுக்கிறோம். இழைக்கு மின் ஏற்றுவதில் இப்ப என்ன லாபம் என்று கேட்டிருந்தால், 2020இல் மருத்துவத் தாதியரின் முகத்தில் என்ன இருந்திருக்கும்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

இந்த ஏற்றத்துக்குச் சவர்க்காரமும் அற்ககோலும் ஆகாது. தோய்த்துக் காயப்போட்ட என்95 பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே காடு மட்டும் மிஞ்சும், மின் போய்விடும். தோய்க்காமல், காற்றோட்டமான நிழலில் சில நாள் தொங்கவிட்டு மீண்டும் போடலாம். மூக்குத்தண்டில் கம்பியை அழுத்திவிடுங்கள். காற்று வழியைத் தேடும். கன்னத்தோரம் இடுக்கு இருந்தால் காட்டுக்குள் ஏன் போகப் போகிறது? சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க் என்95ஐவிடப் பின்னிற்பதற்குப் பெரிய காரணம் இந்த இடுக்குத்தான். துணி மாஸ்க்கில் ஏற்றமும் இல்லை, இடுக்கும் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

மாஸ்க்கை எங்கே போடுவது? கடற்கரையில் நடக்கும்போது தேவையில்லை. கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய பஸ்ஸில் தேவை. நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 வீதம், அதாவது மில்லியனில் 40,000 பங்கு. வெளிக்காற்றில் 420 பங்கு அளவில். பூட்டிய அறையில் கருவி 1,220 காட்டினால், அந்த 800 மிகுதி எல்லாம் மனித மூச்சு. நீங்கள் இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒன்று ஏற்கனவே இன்னொருவரின் நெஞ்சுக்குள் இருந்தது என்று பொருள். மாரியில், வாடைக்காற்றுக்கும் தூவானத்துக்கும் பயந்து நாம் யன்னல்களைப் பூட்டுகிறபோது தடிமனும் வீடு வீடாகப் போவதற்கு இது ஒரு காரணம்.

கொவிட்டில் அறிகுறி தெரிய ஓரிரு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுவார். அதனால்தான் ஆளைப் பார்த்து மதிப்பிட முடியாது, அறையைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இருமல் என்றால் தனி அறை கொடுங்கள், உள்ளே போகிறவரும் நோயாளியும் மாஸ்க் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அம்மம்மாவுக்கு, நீரிழிவு உள்ளவருக்கு, அதற்கு முன்பே.

அந்த அறையில் மேசை ஃபான் இருந்தால் அதை நோயாளியின் பக்கம் திருப்பாதீர்கள். யன்னலுக்கு முன்னால் வைத்து, ஃபானின் முகத்தை வெளியே பார்க்கவிட்டு, முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே இருக்கும் காற்று தெருவுக்குப் போகும், கதவின் கீழ் இடுக்கால் வீட்டுக் காற்று அறைக்குள் வரும், மறுபக்கம் திரும்பாது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கதவடியில் ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட வேண்டும்.