369 நோட்டும் பிரிக்காத நகைக்கடன் நோட்டீஸும்

போன வருஷம் ஆடி மாசம் ஒரு அம்மா மனநல ஆலோசனைக்கு என்னைப் பாக்க வந்தாங்க. நாப்பது வயசுக்கு மேல இருக்கும், வீட்டுக்காரர் இங்க திருப்பூர்ல சின்னதா பவர் டேபிள் யூனிட் (கரண்ட்ல ஓடற தையல் மிஷின்) போட்டு, மத்த கம்பெனிக்கு கூலிக்கு தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டிட்டு இருக்கார், ரெண்டு பார்ட்டிகிட்ட பில்லு மாட்டிகிட்டதுல கடன் ஏறிப்போச்சு. (அடையாளம் தெரியாம விவரங்கள மாத்தியிருக்கேன், எழுதிக்கோங்கன்னு அவங்களே சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன்.) தூக்கம் வரமாட்டேங்குது, படபடன்னு வருதுன்னுதான் வந்தாங்க. பேசிட்டு இருக்கும்போதே கைப்பையில இருந்து ஒரு நீள நோட்ட எடுத்து மேஜை மேல வெச்சு, "இத கரெக்டா பண்றனான்னு மட்டும் பாத்து சொல்லுங்க மேடம், எங்கயோ தப்பு பண்றேன், அதனாலதான் வர மாட்டேங்குது"ன்னாங்க.

369 எழுதற நோட்டு அது. யூடியூப்ல பாத்திருப்பீங்க, வேணுங்கறத காலைல 3 தடவ, மதியம் 6 தடவ, ராத்திரி 9 தடவ எழுதணும், பிரபஞ்சம் கொடுத்துடும்னு சொல்லுவாங்க. "எனக்கு நாலா பக்கமும் இருந்து பணம் வந்துகிட்டே இருக்கு, நன்றி பிரபஞ்சமே"ன்னு ஒரு நாளைக்கு 18 வரி வீதம் 83 நாள் எழுதியிருக்காங்க. முதல் பக்கமெல்லாம் முத்து முத்தா எழுத்து, போகப்போக ராத்திரி எழுதற ஒன்பது வரியும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்கு. ஒரு பக்கத்துல பேப்பரே கிழியற அளவுக்கு ஒரு வார்த்தைய அடிச்சிருந்தாங்க. என்னதுன்னு கேட்டேன். தூக்கக் கலக்கத்துல "பணம்"ங்கற எடத்துல "கடன்"னு எழுதிட்டாங்களாம், அது பலிச்சிடுமோன்னு பயந்து அந்த ஒன்பது வரியயும் அடுத்த பக்கத்துல மறுபடி மொதல்ல இருந்து எழுதி, விடிய விடிய உக்காந்திருக்காங்க.

அப்புறம்தான் அந்த கவர் வெளிய வந்துச்சு. பேங்க்ல இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு, பிரிக்கவே இல்ல. ஏன்னு கேட்டா, "பாத்தா மனசு கடன்லயே நிக்கும் மேடம், எத நெனைக்கறமோ அதுதான் வரும்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க"ன்னாங்க. அந்த ஆன்லைன் கிளாசுக்கு கட்டின காசு அவங்க நகைக்கடனுக்கு ஒரு மாச வட்டி. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் அந்த கவர பிரிச்சோம். அடகு வெச்ச வளையலுக்கு ஏல நோட்டீஸ், தேதிக்கு பதினோரு நாள்தான் பாக்கி.

இத எழுத உக்காந்ததே அந்த பதினோரு நாளுக்காகத்தான். இந்த மாதிரி நோட்டோட வர்றவங்க இப்ப என்கிட்ட நிறைய, காலேஜ் பசங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர், ரிடையர் ஆன வாத்தியார், எல்லாரும் இருக்காங்க. நல்லத நெனைங்க, நன்றியா இருங்கங்கறது நானே தினமும் சொல்ற விஷயம்தான், அது வேலை செய்யும், எப்படி வேலை செய்யும்னு தெரிஞ்சு பண்ணா. ஆனா நல்லத நெனைக்கறது வேற, கெட்டத பாக்க பயப்படறது வேற, ரெண்டயும் ஒரே பேர்ல வித்துட்டு இருக்காங்க, அதுதான் எனக்கு பெரிய கவலை.

மருந்து குடிக்கும்போது குரங்க நெனைக்காதேன்னு நம்ம பாட்டிங்க சொல்லுவாங்கல்ல, நெனைக்காதேன்னு சொன்ன உடனே குரங்கு வந்து உக்காந்துக்கும். இத 1987-ல டேனியல் வெக்னர்ங்கற அமெரிக்க உளவியலாளர் சோதனையாவே பண்ணிப் பாத்தார். அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய நெனைக்காதீங்க, மீறி நெனப்பு வந்தா மணி அடிங்கன்னார், அடிச்சுகிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் இப்ப தாராளமா நெனைங்கன்னு விட்டப்போ, மொதல்ல இருந்தே நெனைக்க விட்டவங்கள விட இவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு. அந்த அம்மாவுக்கு நடந்தது அச்சு அசல் அதேதான். கடன நெனைக்கக்கூடாதுன்னு மனசுக்குள்ள ஒரு வாட்ச்மேன் போட்டாச்சு, அவன் இருபத்தி நாலு மணி நேரமும் கடன் நெனப்பு வருதா வருதான்னு தேடிகிட்டே இருப்பான், அப்புறம் எங்க இருந்து தூக்கம் வரும்.

அப்ப எழுதினவங்களுக்கெல்லாம் நடக்குதே மேடம்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. நீங்க ஒரு மெரூன் கலர் ஸ்கூட்டர் வாங்கலாம்னு முடிவு பண்ணிப் பாருங்க, அவினாசி ரோட்ல போற வண்டியெல்லாம் மெரூனாத்தான் தெரியும். வண்டி கூடல, நம்ம கவனம் திரும்பிருக்கு. அது நல்லதுதான், வேலை வேணும்னு மனசுல உறுதியா இருக்கவங்க கண்ணுல வேலை விளம்பரம் படும், நாலு பேர்கிட்ட வாய் விட்டு கேப்பாங்க. கூடவே இன்னொண்ணும் நடக்கும், எழுதினதுல பலிச்சது ஞாபகம் இருக்கும், பலிக்காதது மறந்து போயிடும், காக்கா உக்கார பனம்பழம் விழுந்ததுல காக்காவுக்கு மட்டும் பேர் போயிடும். பலிக்காதவங்க யாரும் வீடியோ போடறதும் இல்ல.

ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, மொத்தம் 1,023 பேர வெச்சு மூணு ஆய்வு. அதுல மூணுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு மேல இந்த மேனிஃபெஸ்டேஷன் நம்பிக்கை, அதாவது மனசுல உறுதியா நெனச்சாலே வேணுங்கறது வந்துடும்ங்கற நம்பிக்கை இருந்துச்சு. நம்பிக்கை அதிகமா இருந்தவங்க தன்னை வெற்றிகரமான ஆளா நெனச்சாங்க, சீக்கிரமே பெரிய ஆள் ஆயிடுவோம்னும் நெனச்சாங்க, ஆனா ரிஸ்கான முதலீட்டுப் பக்கம் சாயறதும், திவால் ஆன அனுபவமும் அவங்ககிட்டதான் அதிகமா இருந்துச்சு. அந்த நம்பிக்கைதான் திவால் ஆக்கிச்சுன்னு இத வெச்சு சொல்ல முடியாது, ரெண்டும் சேந்து இருக்குன்னுதான் சொல்லலாம். ஆனா "எனக்கு வந்தே தீரும்"னு சொல்லிகிட்டு கந்து வட்டிக்கு வாங்கி டிரேடிங்ல போட்டவங்கள நேர்ல பாத்திருக்கேன், அதனால என்னால இத சாதாரணமா படிச்சிட்டு போக முடியல.

இதவிட என்னைக் கோவப்படுத்தறது ஒண்ணு இருக்கு. "உன் மைண்ட்செட்ல வறுமை இருக்கு, அதான் கையில காசு நிக்கல"ன்னு கஷ்டத்துல இருக்க ஆள்கிட்டயே சொல்றாங்க பாருங்க, அது. நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்து கரும்பு விவசாயிங்க 464 பேர வெச்சு பண்ணின ஆய்வு ஒண்ணு 2013-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. கரும்புக்கு வருஷத்துல ஒரு தடவதான் மொத்தமா காசு வரும், அதனால அறுவடைக்கு முன்னாடி கை காஞ்சு கெடக்கும், முடிஞ்ச அப்புறம் கொஞ்சம் மூச்சு விடுவாங்க. நூத்துக்கு 78 பேர் அறுவடைக்கு முன்னாடி எதையாச்சும் அடகு வெச்சிருந்தாங்க, அறுவடைக்கு அப்புறம் அது வெறும் 4. அதே ஆளுக்கு ரெண்டு சமயத்துலயும் யோசிக்கற திறனுக்கான டெஸ்ட் வெச்சாங்க. கை காஞ்ச நேரத்துல மார்க் கொறைஞ்சுது, காசு வந்த அப்புறம் ஏறுச்சு. மனுஷன் அதே மனுஷன். பணக் கஷ்டம் மூளையில எடம் அடைச்சுக்குது, மிச்சம் இருக்க கொஞ்ச எடத்துலதான் அவங்க புள்ள படிப்பயும், மருந்தயும், வட்டியயும் யோசிக்கணும். அவங்ககிட்ட போயி நீ நெகட்டிவா நெனச்சதாலதான் இப்படின்னா, வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரிதானங்க.

கனவு காணறது தப்பான்னா, இல்லவே இல்ல. எத கனவு காணறீங்கன்னு இருக்கு. கலிஃபோர்னியாவுல 1999-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, பரீட்சைக்கு முன்னாடி சில மாணவர்கள நல்ல கிரேடு வாங்கின மாதிரி தினமும் கற்பனை பண்ணச் சொன்னாங்க, சிலரை உக்காந்து படிக்கற மாதிரி கற்பனை பண்ணச் சொன்னாங்க, எங்க உக்காருவேன், எப்ப டிவிய அணைப்பேன்னு வரைக்கும். படிக்கறத கற்பனை பண்ணவங்கதான் கூடுதல் நேரம் படிச்சு கூடுதல் மார்க்கும் வாங்கினாங்க. கேப்ரியல் எட்டிங்கன்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் இதயே பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க. உடம்பு கொறைக்கற ஒரு சிகிச்சையில இருந்த பெண்கள்ல, ஒல்லியாயிட்ட மாதிரி சொகமா கனவு கண்டவங்க, அப்படி காணாதவங்கள விட சுமார் 11 கிலோ கம்மியாத்தான் கொறைச்சாங்க. என்னால முடியும்னு எதிர்பார்ப்போட இருந்தவங்களுக்கு நல்லாவே கொறைஞ்சுது. கெடச்ச மாதிரியே அனுபவிச்சிட்டா மனசு கெடச்சிடுச்சுன்னு நெனச்சு ரிலாக்ஸ் ஆயிடுது, எழுந்து ஓட வேண்டிய தெம்பு அங்கயே எறங்கிடுது.

அதனால நான் அந்த அம்மாகிட்ட நோட்ட தூக்கிப் போடுங்கன்னு சொல்லல. 83 நாள் விடாம உக்காந்து எழுதற ஒழுக்கம் எத்தன பேருக்கு வரும். அதே நோட்டுல அடுத்த பக்கம் திருப்பச் சொன்னேன். என்ன வேணும்? வளையல் ஏலம் போகக்கூடாது. அது நடந்தா எப்படி இருக்கும்? கண்ண மூடி சொன்னாங்க, பொண்ணு கல்யாணத்துல அந்த வளையல அவ கையில போடறேன்னு. என்ன தடுக்குது? ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பேங்க்ல போயி நின்னா அந்த சார் எல்லார் முன்னாடியும் சத்தமா கேப்பார் மேடம், அந்த அவமானம்தான்"னாங்க. பாருங்க, தடுத்தது பிரபஞ்சம் இல்ல, கவுண்டர்ல நிக்கற வெக்கம். சரி, அவர் சத்தமா கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? "தனியா உக்காந்து பேசணும் சார்னு சொல்லுவேன்." அத எழுதுங்கன்னேன், ஒரே வரி. இப்படி ஆச்சுன்னா இத செய்வேன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வெச்சுக்கறது அம்புட்டு பலம், அந்த நேரத்துல யோசிக்க வேண்டியதில்ல பாருங்க. நாலாவது நாள் தம்பிய கூட்டிகிட்டு போயி, வட்டிய மட்டும் கட்டி கடன மாத்தி வெச்சிட்டு வந்தாங்க.

நன்றி விஷயத்துக்கு வர்றேன். இதுல எனக்கு உண்மையிலயே நம்பிக்கை உண்டு. 2003-ல எம்மன்ஸ், மெக்கலோன்னு ரெண்டு பேர், வாரம் ஒரு தடவ நன்றியோட நெனைக்கற அஞ்சு விஷயத்த பத்து வாரம் எழுத வெச்சாங்க, இன்னொரு குரூப்ப எரிச்சலானத எழுத வெச்சாங்க, நன்றி எழுதினவங்க வாழ்க்கைய பத்தி நல்லா உணர்ந்தாங்க, உடம்பு கோளாறும் கம்மியாச் சொன்னாங்க. 2005-ல செலிக்மன் குழு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நல்லா நடந்த மூணு விஷயத்தயும் அது ஏன் நடந்துச்சுன்னும் ஒரு வாரம் எழுத வெச்சாங்க, ஆறு மாசம் வரைக்கும் பலன் தெரிஞ்சுது. ரெண்டுலயும் யாரும் எதயும் கேட்டு வாங்கல. நடந்தத பாத்தாங்க, அவ்வளவுதான். வள்ளுவர் கூட நன்றி சொல்லுதல்னு அதிகாரம் வெக்கல, செய்ந்நன்றி அறிதல்னுதான் வெச்சார், அங்க நன்றின்னா ஒருத்தர் நமக்கு செஞ்ச நல்லது, அத அறியணும். யார் செஞ்சா, என்ன செஞ்சான்னு தெரியாம அறிய முடியாதுல்ல.

அதான் அந்த அம்மாவ "நன்றி பிரபஞ்சமே"வ விட்டுட்டு, நேத்து உங்களுக்கு நல்லது செஞ்ச ஒரு ஆள சொல்லுங்கன்னு கேட்டேன். யாரும் இல்லைன்னாங்க முதல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "தண்ணி கேன் போடற தம்பி ஒருத்தன் வருவான் மேடம், எப்பவும் வாசல்லயே வெச்சிட்டு போயிடுவான், நேத்து உள்ள கொண்டு வந்து ஸ்டேண்ட் மேலயே கவுத்து வெச்சிட்டு போனான். இடுப்பு வலின்னு போன வாரம் சும்மா சொன்னேன், ஞாபகம் வெச்சிருக்கான்"னு சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. 83 நாள்ல அந்த நோட்டுல ஒரு மனுஷன் பேர் கூட இல்ல, அன்னிக்குத்தான் முதல் ஆள் வந்தான். அவன்கிட்டயே சொல்லுங்களேன்னேன். நமக்கெல்லாம் வீட்டாள்கிட்ட, பழகினவங்ககிட்ட தேங்க்ஸ் சொல்றது கூச்சம், நமக்குள்ள என்ன தேங்க்ஸ்னு கோவிச்சுக்குவாங்க. ஆனா அந்த கூச்சம் நம்ம மனசுலதான் பெருசா இருக்கு, கேக்கறவங்களுக்கு நாம நெனைக்கறத விட சந்தோஷமாத்தான் இருக்கும்னு ஆய்வுலயும் வந்திருக்கு. தேங்க்ஸ்ங்கற வார்த்தை வேணாம், "நீ உள்ள வெச்சிட்டு போனது எனக்கு அவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சு தம்பி"ன்னா போதும்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். நன்றியா இருன்னு சொல்லி ஒருத்தர அடங்கிப் போக வெக்காதீங்க. "அடிச்சாலும் சோறு போடறார்ல, நன்றியா இரு"ன்னு மாமியார் சொன்னதா ஒரு பொண்ணு வந்து சொன்னப்ப எனக்கு கை நடுங்கிருச்சு. அடி வாங்கறவங்களுக்கு தேவை பாதுகாப்பு, நன்றி நோட்டு இல்ல, பெண்கள் உதவி எண் 181 இருக்கு. இன்னொண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டாம, தூக்கம் பசி மாறி, இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுச்சுன்னா அது நெகட்டிவ் எண்ணம் இல்ல, டிப்ரஷனா இருக்கலாம், வைத்தியம் இருக்கு. "நான் அன்புக்குரியவள்"னு திரும்பத் திரும்ப சொல்லிக்கறது, தன்மேல மதிப்பு கொறைஞ்சு போனவங்களுக்கு இன்னும் மோசமா உணர வெச்சதா 2009-ல கனடா ஆய்வு ஒண்ணு காட்டுச்சு, அதனால அந்த நெலமையில இருக்கவங்கள கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லச் சொல்லாதீங்க, கூட்டிட்டு வாங்க. டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, காசு இல்ல, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம்.

போன மாசம் அந்த அம்மா வந்தாங்க. வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு, யூனிட்லயும் பெருசா மாற்றம் இல்ல, தூக்கம் மட்டும் அஞ்சு மணி நேரம் வருதுன்னாங்க. நோட்ட காட்டுனாங்க. இடது பக்கம் மேல அடுத்த டியூ தேதி, தொகை, "கடன்"ங்கற வார்த்தைய முழுசா, அடிக்காம எழுதியிருந்தாங்க. வலது பக்கம் மூணு வரி. கடைசி வரியில, "துணி செக்கிங் பாக்கற மல்லிகாக்கா மத்தியானம் அவங்க டப்பால இருந்து பாதி கத்திரிக்கா கொழம்பு ஊத்துனாங்க"ன்னு இருந்துச்சு.